வெறும் கெப் உதைக்கிறது: சொக்கை மாற்றவா, பிளேட்டைப் பார்க்கவா?

கோண்டாவில்_தோட்டம்
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 2004 மிற்சுபிசி எல் 200 டபிள் கெப் பிக்கப் நிற்கிறது. கிழமையில் மூன்று நாள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி, மாதத்தில் இரண்டு தரம் தம்புள்ளைக்கு வெங்காயம். சுமையோடு ஓடும்போது ஒரு குறையும் இல்லை. வெறுமையாகத் திரும்பும்போதுதான் குதிரை மாதிரி உதைக்கிறது. போன கிழமை அம்மாவை கிளினிக்குக் கூட்டிப் போனேன். பின் சீற்றில் இருந்தவர், ஒழுங்கை முடிவதற்குள், "நிப்பாட்டு, நான் ஓட்டோவில வாறன்" என்று இறங்கிவிட்டார்.

ரவுணில் ஒரு கடைக்காரர் நாலு சக்கரத்துக்கும் மோனோரியூப் காஸ் சொக் (ஒற்றைக் குழாயில் காஸ் அடைத்த அதிர்வு தாங்கி) போடச் சொல்கிறார். அவர் சொல்லும் விலைக்கு நாலு புது ரயர் வாங்கிவிடலாம். போடலாமா?

ஏ9_ஓட்டி
யோசிக்காமல் போடுங்கள் அண்ணை. எனக்கும் இதே கதைதான். தம்புள்ளையில் இறக்கிவிட்டு இரவோடிரவாக வரும்போது, வீதி கொஞ்சம் தாழ்ந்திருக்கும் இடத்தில் பின்பக்கம் எழும்பினால் மூன்று தரம் ஆடித்தான் நிற்கும். ஒற்றைக் குழாய் சொக் போட்ட பிறகு ஒரே ஆட்டம், அதோடு சரி. வளைவில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வேண்டுதல் வைக்கும் வேலையும் போய்விட்டது.

இது புதுப் பாஷனும் இல்லை. பிரான்சில் டி கார்போன் என்பவர் கண்டுபிடித்ததை ஜேர்மனியின் பில்ஸ்டைன் எடுத்துச் செய்து, 1957 இலேயே மெர்சிடிஸ் கார்களுக்குக் கொடுத்தது.

பழைய_பாஸ்
மெர்சிடிஸ் வெங்காயம் ஏற்றவில்லை தம்பி.

நீர் சொல்வது ஆட்டத்துக்கு மருந்து. அவர் கேட்பது உதைக்கு மருந்து. இரண்டும் வேறு வேறு வருத்தம். பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். சொக் பாரம் சுமக்காது. ஸ்பிரிங் அமுங்கி விரியும்போது ஆடிக்கொண்டே இருக்காமல் பிடித்து நிறுத்துவதுதான் அதன் வேலை. உள்ளே பிஸ்டனில் சின்னத் துளைகள், அதன் வழியே ஒயில் நெருக்கிப் போகிறது, ஆட்டத்தின் சக்தி சூடாகிப் போகிறது. சொக் செத்தால் வண்டி தொட்டில் மாதிரி ஆடும். இவருடையது ஆடவில்லை, உதைக்கிறது.

ஏறத்தாழ 1 டன் சுமக்கக் கட்டிய வண்டி இது. பின்னுக்கு ஸ்பிரிங் என்பது ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய வில்லுத் தகடு, அதுதான் பிளேட். சுமை இல்லாவிட்டால் அந்தப் பிளேட் அசையவே மாட்டாது. அதற்கு மேல் இன்னும் இறுக்கமான சொக்கைக் கொண்டுபோய்ப் போட்டால் அம்மா ஓட்டோவை மாதக் கணக்கில் பேசவேண்டி வரும்.

காசு செலவழிக்க முன், ரயரில் காற்று எவ்வளவு என்று பாரும். சுமைக்கென்று ஏற்றிய காற்றோடேயே வெறும் வண்டியையும் ஓடித் திரிகிறவர்கள்தான் இங்கே கனபேர். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் வெறும் வண்டிக்கு எவ்வளவு, சுமைக்கு எவ்வளவு என்று ஒட்டியிருக்கும். அந்தத் தாளை வாசித்த ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

ஏ9_ஓட்டி
பாஸ் அண்ணை, மரியாதையோடுதான் சொல்கிறேன், பாதியைத்தான் சொன்னீர்கள். எல்லா ஒற்றைக் குழாயும் இறுக்கம் இல்லை. இறுக்கத்தைத் தீர்மானிப்பது பிஸ்டனில் இருக்கிற மெல்லிய தகடுகள், குழாய் இல்லை. நல்லதாகச் செய்தது மெதுவான ஆட்டத்தைப் பிடித்து வைக்கும், சட்டென்று கிடங்கில் விழும்போது திறந்து விட்டுவிடும்.

சூட்டையும் யோசியுங்கள். வழமையான இரட்டைக் குழாய் சொக்கில் ஒயிலும் காற்றும் ஒரே அறையில்தான் இருக்கின்றன. வரிவரியாய்க் கிடக்கிற கிரவல் வீதியில் அரை மணி நேரம் ஓடினால் ஒயில் நுரைத்துவிடும். நுரையைப் பிஸ்டன் எப்படிப் பிடிக்கும்? ஒற்றைக் குழாயில் காஸ் தனியாக, நடுவில் ஒரு மிதக்கும் பிஸ்டன் மறித்து நிற்கிறது. 20, 30 பார் அழுத்தம். நுரைக்க வழியில்லை.

பழைய_பாஸ்
சரி, நீரே சொல்லிவிட்டீர். ரயரில் இருப்பது 2, 3 பார். சொக்குக்குள் அதைப்போல பத்து மடங்கு. அந்தக் காஸ் தண்டை எந்த நேரமும் வெளியே தள்ளிக்கொண்டே நிற்கும். கையால் அமுக்கிப் பாரும், விட்டவுடன் தானாக எழும்பி வரும். வெறும் பின்பக்கத்துக்கு அந்தத் தள்ளுதலும் சேர்த்து வேணுமா?

நுரைக் கதை உண்மை. ஆனால் கோண்டாவிலுக்கும் திருநெல்வேலிக்கும் இடையில் எந்த ஒயில் நுரைக்கும்? தம்புள்ளை வரைக்கும் காபட் வீதிதான்.

காரைநகர்_காற்று
நான் மீன் ஏற்றுகிறவன். இரண்டு பேரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன்: கறள். சோளகம் அடிக்கிற மாதங்களில் பொன்னாலைப் பாலத்தைத் தாண்டினாலே கீழெல்லாம் உப்பு. சொக்கின் தண்டு கண்ணாடி மாதிரி மினுங்க வேண்டும். அதில் ஊசிமுனை அளவு கறள் பிடித்தால் போதும், மேலும் கீழும் போகும்போது ஒயிலை மறிக்கிற சீல் ரப்பரை அராவிவிடும். பிறகு ஒயில் ஒழுகும். விலை கூடிய சொக்குக்கு உப்பு மரியாதை கொடுப்பதில்லை.

மற்றது கல். ஒற்றைக் குழாயில் பிஸ்டன் உரசுவது வெளிக் குழாயின் உள்சுவரில்தான். ஒழுங்கையில் சுண்ணக்கல் தெறித்து ஒரு நெளிவு விழுந்தால் பிஸ்டன் அந்த இடத்தில் சிக்கும், அத்தோடு முடிந்தது. இரட்டைக் குழாயில் வெளியில் நெளிந்தாலும் உள்குழாய் தப்பும். நான் போட்டிருப்பது கேவைபி எக்ஸல்-ஜி, இரட்டைக் குழாய், குறைந்த அழுத்தக் காஸ். ஓடுகிறது. அதே கொம்பனியின் காஸ்-ஏ-ஜஸ்ட் ஒற்றைக் குழாய். பெயரைப் பார்த்து மாறி வாங்கிவிடாதீர்கள்.

பிளேட் உதைக்காமல் இருக்க நான் மாதம் ஒருக்கால் கழிவு ஒயில் அடிப்பேன்.

பழைய_பாஸ்
எல்லாம் சரியாகச் சொல்லி வந்து கடைசி வரியில் கவிழ்த்துவிட்டீரே. பிளேட்டுக்கு இடையில் கறள் ஏறினால் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே இரும்புத் துண்டு மாதிரி நிற்கும், சின்னக் கிடங்குக்கெல்லாம் அசையாது, அது உண்மை. ஆனால் கழிவு ஒயில் வழிந்து பிளேட் முனையில் இருக்கிற புஷ் ரப்பரில் பட்டால் ரப்பர் ஊதிப் பிய்ந்துவிடும். மணலையும் ஒட்டி வைத்துக்கொள்ளும். கழற்றி, கம்பிப் புருசால் தேய்த்து, முனைகளில் தேய்ந்துபோன பிளாஸ்ரிக் துண்டுகளைப் புதிதாகப் போட வேண்டும். ஒரு நாள் வேலை.

காரைநகர்_காற்று
ஒரு நாள் வேலையை விட ஒரு போத்தல் கழிவு ஒயில் மலிவு. புஷ் போனால் புஷ் மாற்றுவேன்.

ஸ்காபரோ_தம்பி
அண்ணைமார், இங்கே கனடாவில் எல்லாரும் 2 அங்குலம் உயர்த்துகிற கிட் போட்டுத்தான் ஓடுகிறார்கள். ஓட்டமும் சொகுசு, பார்க்கவும் கெத்து. வேணுமென்றால் அனுப்பி விடலாம்.

ஏ9_ஓட்டி
இதில் நான் பாஸ் அண்ணையின் பக்கம். எல் 200 இன் அந்த மொடலுக்கு முன்னுக்கு சுருள் ஸ்பிரிங் இல்லை, டோர்ஷன் பார், முறுகி ஸ்பிரிங் வேலை செய்கிற இரும்புக் கம்பி. அதன் போல்ற்றை முறுக்கினால் வண்டி உயரும், ஆனால் சக்கரம் கீழே தொங்குவதற்கு இருந்த இடம் போய்விடும். கிடங்கில் சக்கரம் இறங்கியவுடன் இறக்கத்தை மறிக்கிற முட்டுக்கட்டையில் "டக்" என்று அடிக்கும். பார்க்கத்தான் கெத்து.

ஸ்காபரோ_தம்பி
சரி சரி, உதவி செய்யத்தான் வந்தேன்.

பழைய_பாஸ்
கோண்டாவில்காரர், ஒரு சோதனை சொல்கிறேன், செலவில்லை. பின் அச்சுக்கு மேலே சேஸியில் ஒரு ரப்பர் முட்டுக்கட்டை இருக்கும், பம்ப் ஸ்டொப் என்பார்கள். வெற்றிலைக்குப் பூசுகிற சுண்ணாம்பை அதில் தடவும். வெறும் வண்டியோடு வல்லை வெளி வரை போய்வாரும். அச்சில் வெள்ளை பட்டிருந்தால் ஸ்பிரிங் இளகிவிட்டது, அடிமட்டம் தட்டுகிறது. படாமலே உதைத்தால் பிளேட் கூடிவிட்டது அல்லது இறுகிவிட்டது. சொக்கை ஒருக்கால் பார்த்துவிட்டும் வாரும். வெளியே ஈரப்பசை மாதிரி இலேசாக இருந்தால் பரவாயில்லை. சொட்டினால் மாற்ற வேண்டியதுதான். ரயரின் ஓரத்தில் அலை அலையாகத் தேய்ந்திருந்தாலும் சொக் போயிருக்கக்கூடும்.

கோண்டாவில்_தோட்டம்
நான்கு நாள் கழித்து வருகிறேன்.

காற்று: பின்னுக்கு 45 பிஎஸ்ஐ. கதவில் வெறும் வண்டிக்கென்று போட்டிருப்பது அதைவிட நன்றாகக் குறைவு. இறக்கினேன். அன்று பின்னேரமே வித்தியாசம் தெரிந்தது.

சுண்ணாம்பு: அச்சில் ஒரு பொட்டும் இல்லை. அப்புறம்தான் கீழே படுத்து பிளேட்டை எண்ணினேன். அடியில் ஒன்று மற்றவற்றை விடத் தடிப்பு, நிறமும் வேறு. எனக்கு முன் வைத்திருந்தவர் லொறிப் பிளேட் ஒன்றைச் செருகியிருக்கிறார். பிளேட் முனையைச் சேஸியோடு பிணைக்கிற சக்கிளின் புஷ் ரப்பரைத் தட்டினேன், பாக்குச் சப்பித் துப்பியது மாதிரிக் கையில் உதிர்ந்தது. முன் இடது சொக்கில் ஒயிலும் செம்மண்ணும் குழைந்து சேறாகப் பூசியிருந்தது.

லொறிப் பிளேட்டைக் கழற்றி, புஷ் எல்லாம் மாற்றி, முன்னுக்கு இரண்டு பக்கமும் இரட்டைக் குழாய் சொக் போட்டாயிற்று. பின் சொக் பழையதே.

ஏ9_ஓட்டி
தம்புள்ளைக்கு முந்தி எத்தனை மூட்டை ஏற்றினீர்கள்? அதே அளவை இப்போது ஏற்றினால் பின்பக்கம் முட்டுக்கட்டையில் உட்காரும். அந்தப் பிளேட்டை ஒருவர் சும்மா செருகவில்லை அண்ணை. சுமையோடு ஆட்டமும் கூடும், அந்த நேரம் என் பேச்சு நினைவுக்கு வரும்.

பழைய_பாஸ்
அது கணக்கு வேறு. வண்டிக்கு அளந்த சுமையை ஏற்றினால் உட்காராது. அதற்கு மேலே ஏற்றத்தான் லொறிப் பிளேட் வந்திருக்கிறது. பிறேக் அந்தக் கூடின மூட்டைக்குச் செய்ததில்லை.

கோண்டாவில்_தோட்டம்
மூட்டைக் கணக்கை இங்கே எழுத விருப்பமில்லை. அடுத்த பயணம் குறைத்துத்தான் ஏற்றப் போகிறேன். பிளேட்டை எறியவில்லை, கொட்டிலில் கிடக்கிறது. அம்மா நேற்று சந்தி வரைக்கும் வந்தார். "இப்ப பரவாயில்லை, ஆனா முன் சீற்றில எண்டால்தான் வருவன்" என்கிறார்.

பழைய_பாஸ்
பின் சீற் அச்சுக்குக் கிட்ட இருக்கிறது, அவ சொல்வது சரிதான். ஒன்று கேட்க மறந்துவிட்டேன். புஷ் போல்ற்றை இறுக்கும்போது வண்டி ஜாக்கில் நின்றதா, நிலத்தில் நின்றதா?

கோண்டாவில்_தோட்டம்
ஜாக்கில்.

பழைய_பாஸ்
சக்கரம் தொங்கிக்கொண்டு நிற்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியவுடன் புதுப் புஷ் முறுகத் தொடங்கிவிடும். எல்லாப் போல்ற்றையும் இளக்கி, வண்டி நாலு காலிலும் நிற்கும்போது கீழே படுத்துத் திரும்ப இறுக்கும்.

கோண்டாவில்_தோட்டம்
ஐயோ. நாளைக்கு விடியச் சந்தை. நாளை மறுநாள் படுக்கிறேன்.