இங்கிலாந்தில் ஜிப்சி, டிராவலர், ரோமா மக்களுக்குத் தாதியாக வேலை செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஈசூன்_தாதி:
எல்லாருக்கும் வணக்கம். இங்கே சிங்கப்பூரில் ஒரு பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தாதியாக இருக்கிறேன். கணவருக்கு இங்கிலாந்துக்கு வேலை மாற்றம். எனக்கும் கென்ட் பக்கம் ஒரு குடும்ப மருத்துவர் மருந்தகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. நேர்முகத்தில் அவர்கள் சொன்ன ஒரு விஷயம் மனதிலேயே நிற்கிறது. அந்த வட்டாரத்தில் ஜிப்சி, டிராவலர் குடும்பங்கள் நிறையவாம், ரோமா குடும்பங்களும் உண்டாம். ஆனால் நோய் முற்றிய பிறகுதான் மருந்தகத்துக்கு வருகிறார்களாம், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி பாதியில் நின்றுவிடுகிறதாம்.

நம் ஊரில் அடையாள அட்டையை நீட்டினால் போதும், எல்லா விவரமும் திரையில் வந்துவிடும். முகவரியே மாறிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தை எப்படித் தொடர்ந்து கவனிப்பது? இவர்கள் நம் நரிக்குறவர்கள் மாதிரிதான் என்று தோழி ஒருத்தி சொல்கிறாள். அது சரியா?

பாசிர்ரிஸ்_ராஜா:
அவர்கள் மொழியில் நல்ல கையேடு அச்சடித்துக் கொடுங்கள். தடுப்பூசி தேதியைக் கடிதத்தில் அனுப்புங்கள். விவரம் தெரிந்தால் வந்துவிடுவார்கள்.

மலர்_செங்காங்:
ராஜா அண்ணே, கடிதம் அங்கே வேலைக்கு ஆகாது. வட இங்கிலாந்தில் பல வருஷம் தாதியாக இருந்துவிட்டுத் திரும்பியவள் நான். பெரியவர்களில் பலர் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்கள். கடிதம் வந்தாலும் படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டும். அதற்குள் அவர்கள் குடியிருக்கும் கேரவன் வண்டியை அகற்றச் சொல்லி உத்தரவு வந்தால் குடும்பம் வேறு ஊரில் இருக்கும். சொன்ன நாளில் வராவிட்டால் மருத்துவமனை பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடவும் கூடும்.

தங்கச்சி, முதலில் ஒன்று: இவர்கள் எல்லாரும் ஒரே கூட்டம் இல்லை. ரோமானி ஜிப்சிகளின் முன்னோர் ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன் வட இந்தியாவிலிருந்து கிளம்பியவர்கள். இங்கிலாந்தில் பல நூறு வருஷமாக இருக்கிறார்கள். ஐரிஷ் டிராவலர்கள் அயர்லாந்துக்காரர்கள், இந்தியாவோடு தொடர்பே கிடையாது. ரோமா என்று அங்கே சொல்வது பெரும்பாலும் ஸ்லோவாக்கியா, ருமேனியா பக்கமிருந்து அண்மைக் காலத்தில் வந்தவர்களை. அவர்கள் வீடுகளில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தேவை மொழிபெயர்ப்பாளர். டிராவலர்களிலும் பாதிக்கு மேல் இப்போது வீட்டில்தான் வசிக்கிறார்கள். நரிக்குறவர்களோடு ஒப்பிட்டுக்கொண்டு போனால் எதிரே இருப்பவரைப் பார்க்கத் தவறிவிடுவாய். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து 70,000க்குச் சற்று மேல் ஜிப்சி, ஐரிஷ் டிராவலர்கள், ஏறக்குறைய ஒரு லட்சம் ரோமா மக்கள். ரோமாவுக்குத் தனிக் கட்டம் போட்டதே அந்த முறைதான். சொல்லப் பயந்து வேறு கட்டத்தில் குறியிட்டவர்கள் எத்தனையோ பேர்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். எல்லாம் முன்கவுண்டரில்தான் இருக்கிறது. ஒரு நாள் இளம் தாய் ஒருத்தி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்த குழந்தையை இடுப்பில் வைத்தபடி வந்து நின்றாள். குழந்தை மூச்சு விடும்போது விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போய் வந்தது, கவுண்டருக்குப் பின்னாலிருந்தே எனக்குத் தெரிந்தது. வரவேற்பில் இருந்தவர் கேட்டது மின்கட்டண ரசீது. "கேரவனுக்கு ஏது ரசீது" என்று சொல்லிவிட்டு அவள் வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். இங்கிலாந்தில் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்ய முகவரிச் சான்றும் வேண்டாம், அடையாள அட்டையும் வேண்டாம். தேசியச் சுகாதாரச் சேவையின் வழிகாட்டியே அப்படித்தான் சொல்கிறது. நிலையான முகவரி இல்லையென்றால் மருந்தக முகவரியையே போட்டுக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்குள் கிளம்பிவிடுவார்கள் என்றால் தற்காலிக நோயாளியாகச் சேர்க்கலாம். இது கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியவில்லை என்றால் நீ உள்ளே எவ்வளவு நல்ல தாதியாக இருந்தும் பயனில்லை. போன முதல் வாரத்திலேயே அவர்களிடம் பேசு.

அப்புறம், கர்ப்பப்பைப் பரிசோதனை மாதிரி விஷயங்களை ஆண்கள் முன்னால் எடுக்காதே. வயதான பெண்கள் சிலர் புற்றுநோய் என்ற பெயரையே வீட்டில் சொல்லமாட்டார்கள். தனி அறையில், நீயே பேசு.

அயர்லாந்தில் 2010இல் வந்த ஆய்வில், டிராவலர் ஆண்களின் ஆயுள் மற்றவர்களைவிட 15 வருஷம் குறைவு, பெண்களுக்கு 11 வருஷத்துக்கு மேல் குறைவு. படித்தபோது எனக்குத் தாங்கவில்லை. அங்கே பேவி பாயின்ட் என்ற அமைப்பு 1994லிருந்தே டிராவலர் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் சமூகச் சுகாதார ஊழியர்களாக்கி வருகிறது. சொந்த அத்தை மகள் வந்து சொல்வதைக் கேட்பார்கள். வெள்ளைக் கோட்டு சொல்வதை எல்லாரும் கேட்டுவிடுவதில்லை.

துவாஸ்_தொண்டூழியர்:
மலர் அக்கா சொல்வதை இங்கேயும் பார்க்கிறேன். விடுதிகளில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு 2022 ஏப்ரலிலிருந்து அடிப்படை மருத்துவத் திட்டம் இருக்கிறது, மருத்துவ நிலையத்துக்குப் போனால் சிறு தொகைதான். ஆனாலும் வலியோடு மாதக்கணக்கில் பேனடால் மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கும் தம்பிகள் உண்டு. எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தால் ஓவர்டைம் போய்விடும், முதலாளி ஊருக்கு அனுப்பிவிடுவார் என்ற பயம். அந்தப் பயத்தை முன்பின் தெரியாதவரிடம் சொல்லமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் டேக்கா பக்கம் டீ குடிக்கும்போது, பலமுறை பார்த்த முகமாக இருந்தால் சொல்வார்கள்.

ஈசூன்_தாதி:
மிக்க நன்றி அக்கா, நன்றி அண்ணே. அப்படியானால் கேரவன் இடங்களுக்கு நானே நேரில் போகலாமா? தப்பாக நினைப்பார்களா?

மலர்_செங்காங்:
தனியாகப் போகாதே. காகிதமும் பேனாவுமாகத் தெரியாத ஆள் வந்தாலே, இடத்தைக் காலி செய்யச் சொல்லத்தான் என்று நினைப்பார்கள். அந்த வட்டாரத்தில் அவர்களோடு பழகிய அறநிறுவனமோ, நகராட்சியில் அவர்களுக்கென்று இருக்கும் அதிகாரியோ இருப்பார். முதல் தடவை அவர்களோடு போ. டீ கொடுத்தால் வாங்கிக் குடி. அன்றைக்கு ஊசி பற்றிப் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

அடுத்த முறை, குழந்தைகளின் சிவப்புச் சுகாதாரப் புத்தகத்தைக் காட்டச் சொல். தொலைந்திருந்தால் புதிது ஒன்று கொடு. தட்டம்மைத் தடுப்பூசிக்கு இரண்டு தவணை, நடுவில் குறைந்தது நான்கு வாரம் வேண்டும். அதற்குள் கிளம்புவதாக இருந்தாலும் முதல் ஊசியைத் தள்ளிப்போடாதே. போட்டு, அதிலேயே எழுதி, அம்மா கையில் கொடு. இரண்டாவதை எந்த ஊர் மருந்தகத்திலும் போட்டுக்கொள்ளலாம் என்று வாயால் சொல். உன் மருந்தகத் தொலைபேசி எண்ணை அவள் கைப்பேசியில் நீயே பதிந்து கொடு.