பால்டிக் காடுகளில் சோவியத் ராணுவத் தளங்கள்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

லாட்வியாவின் இர்பெனேவிலிருந்து தொடங்குகிறேன். வென்ட்ஸ்பில்ஸ் நகரத்துக்கு வடக்கே பைன் காட்டுக்குள் இருக்கிறது. மேற்கு நாடுகளின் செயற்கைக்கோள் தகவல்களை ஒட்டுக்கேட்பதற்காக சோவியத் ராணுவம் இங்கே பெரிய ஆன்டெனாக்களை நிறுவியது. ராணுவக் குடும்பங்களுக்காகப் பக்கத்திலேயே ஓர் ஊரும் எழுந்தது. அந்த ஊர் அன்றைய வரைபடங்களில் கிடையாது. இப்போது அங்கே கதவும் ஜன்னலும் இல்லாத அடுக்குமாடிக் கட்டடங்கள்தான்.

என்னை உலுக்கியது அந்த வீடுகள் அல்ல, ஆன்டெனாவின் கதை. பெரியதன் விட்டம் 32 மீட்டர். சோவியத் ஒன்றியம் உடைந்து லாட்வியா தனி நாடான பின், ரஷ்யப் படை 1994-ல் கிளம்பும்போது அதை யாரும் பயன்படுத்தக் கூடாது என்று மோட்டார்களில் அமிலம் ஊற்றி, கேபிள்களைச் சிதைத்துவிட்டுப் போயிருக்கிறது. லாட்விய விஞ்ஞானிகள் அதை இரும்புக் கடைக்குப் போகவிடவில்லை. கையில் பணம் இல்லாத புது நாடு, பழுதடைந்த இயந்திரம். ஆனாலும் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். ஒட்டுக்கேட்கக் கட்டிய அதே தட்டு இன்று ஐரோப்பாவின் மற்ற ரேடியோ தொலைநோக்கிகளோடு சேர்ந்து விண்மீன்களை ஆராய்கிறது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் நெகிழ்கிறது.

ஆன்டெனாக்களுக்கு இடையே நிலத்தடிச் சுரங்கப்பாதை ஒன்று உண்டு. வழிகாட்டியோடு நடக்கலாம். கேபிள்கள் போன பாதை அது. சுவர் நெடுக இரும்புத் தாங்கிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் கூரையிலிருந்து கசிந்த சுண்ணாம்பு தாங்கியின் நுனியில் வெள்ளையாகக் கட்டிப் பிடித்திருக்கிறது. பாதி தூரத்தில் டார்ச்சை அணைக்கச் சொன்னார் வழிகாட்டி. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.

மறுமொழி 1

நான் போனது லித்துவேனியாவின் ப்ளோக்ஷ்டினே. ப்ளாடெலியாய் ஏரிக்கு அருகே, தேசியப் பூங்காவின் நடுவில். ஆர்-12 என்ற சோவியத் அணு ஏவுகணைகளை நிலத்தடியில் நிறுத்தி வைத்த தளம். 1960-ல் தோண்டத் தொடங்கினார்கள். 1962-ல் அமெரிக்காவும் சோவியத்தும் அணுப்போரின் விளிம்புக்குப் போன கியூபா நெருக்கடியில் உலகத்தையே நடுங்க வைத்த ரகம்தான் இந்த ஏவுகணை. இங்கே அதற்கு நான்கு கிணறுகள். நடுவே, மண்ணுக்கடியில், கட்டளை அறை, டீசல் ஜெனரேட்டர், வீரர்கள் தங்கும் இடம் எல்லாம்.

குறுகிய வழியில் முதுகை வளைத்து நுழைந்தால் ஒரு கிணற்றின் விளிம்புக்கு வருவீர்கள். எட்டிப் பார்த்தேன். சுமார் 30 மீட்டர் ஆழம், கீழே மங்கலான விளக்கு. கம்பியைப் பிடித்த கையை எடுக்க மனம் வரவில்லை. இதற்குள் நின்ற ஒவ்வொன்றும் ஹிரோஷிமாவில் விழுந்ததைவிடப் பல மடங்கு வலிமையான அணுகுண்டைச் சுமக்கக்கூடியது. இத்தனைக்கும் மேலே புல்லும், கவிழ்த்த கும்பா போன்ற நான்கு கிணற்று மூடிகளும் மட்டும்தான் தெரியும்.

வீரர்களுக்கும் ஆபத்து குறைவில்லை. எரிபொருள் எரிவதற்காக அதனோடு சேரும் ஆக்சிஜனேற்றி ஒரு நைட்ரிக் அமிலக் கலவை. ரப்பர் உடையும் முகமூடியும் இல்லாமல் அதன் பக்கம் போக முடியாது. 1978-ல் தளத்தை மூடினார்கள். அப்புறம் திருடர்கள் உள்ளே புகுந்து இரும்பையும் கேபிளையும் வாரிக்கொண்டு போனார்கள். 2012 முதல் இது பனிப்போர் அருங்காட்சியகம்.

மறுமொழி 2

பாழடைந்ததைப் பார்த்து அலுத்தவர்கள் லாட்வியாவின் லீகட்னேவுக்குப் போங்கள். மேலே ஒரு மறுவாழ்வு மருத்துவமனை. அதற்கு 9 மீட்டர் கீழே, அணுப்போர் வந்தால் சோவியத் லாட்வியாவின் தலைவர்கள் ஒளிவதற்கான பதுங்கிடம். ரகசியம் என்ற முத்திரை 2003 வரை நீங்கவில்லை. அதனால் எதுவும் திருடு போகவில்லை. தொலைபேசிகள், சுவர் வரைபடங்கள், காற்று சுத்திகரிப்பு இயந்திரங்கள் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கின்றன. ஆனால் ஒன்று: தலைவர்களுக்கு இடம் இருந்தது, மேலே படுத்திருந்த நோயாளிகளுக்கு இல்லை. அதை நினைத்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுமொழி 3

குழந்தைகளோடு போகலாமா? பூட்டாத சுரங்கங்களுக்குள் தனியாக நுழையலாமா?

முதலில் எழுதியவர்

அருங்காட்சியகமாக்கிய இடங்களுக்குத் தாராளமாகப் போகலாம். கோடையிலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், மண்ணுக்கடியில் குளிரும். இர்பெனேவுக்கு முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுப் போங்கள். பராமரிப்பில்லாத தளங்களுக்குள் மட்டும் தயவுசெய்து நுழையாதீர்கள். இரும்புத் திருடர்கள் மூடிகளையும் பிடுங்கிப் போயிருப்பதால் புல்லுக்குள் திறந்த குழிகள் இருக்கும். தண்ணீர் தேங்கிய அறைகளில் மூச்சுவிடக் காற்றே இல்லாமல் போகலாம். அங்கே செல்போன் சிக்னலும் கிடைக்காது.