ஏழாம் வகுப்பு: முதுகெலும்பற்ற விலங்குகளை எங்கிருந்து தொடங்கலாம்?

வயலோரம்:
வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். துளையுடலி, குழியுடலி, கணுக்காலி என்று பிள்ளைகள் வரிசையாக ஒப்பிக்கிறார்கள். ஆனால் பாம்பை எதில் சேர்ப்பது என்று கேட்டால் பாதிப் பேர் மண்புழுவோடு சேர்க்கிறார்கள். நெளிந்து போவதால் எலும்பே இருக்காது என்று நினைப்பு. ஆய்வகம் இல்லை. செத்த உயிர்களை மருந்தில் ஊறவைத்த பழைய ஃபார்மலின் பாட்டில்கள் உண்டு. அவற்றைக் காட்ட மனசில்லை. ஐப்பசி மழை தொடங்கிவிட்டது, சுற்றிலும் வயல்தான். யோசனை சொல்லுங்கள்.

முன்னாள் விலங்கியல் வாத்தியார்:
டீச்சர், துளையுடலி, கணுக்காலி மாதிரியான தொகுதிப் பெயர்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் ஒரு மத்தி மீனும் ஓர் இறாலும் வாங்கிவந்து பிள்ளைகளையே உரிக்கச் சொல்லுங்கள். மீனைத் தாங்குவது உள்ளே இருக்கிற முள், இறாலைத் தாங்குவது வெளியே இருக்கிற ஓடு. நடுமுள்ளைத் தடவிப் பார்த்த அதே விரலால் தங்கள் முதுகையும் தடவட்டும். அப்புறம் பாம்புக்கு வாருங்கள்: நூற்றுக்கணக்கான சின்ன எலும்புகள் கோத்திருப்பதால்தான் அது அப்படி வளைகிறது.

மண்புழுவுக்கு ஒரு பழுப்புத் தாள் போதும். தாளில் ஊரவிட்டுக் காதைப் பக்கத்தில் வைத்தால் லேசாகச் சரசரவென்று கேட்கும். அடிப்பக்கத்தில் இருக்கிற நுண்ணிய முட்கள் உரசுகிற சத்தம் அது. உடனே ஈரமண்ணில் விட்டுவிடுங்கள். தோலால் மூச்சுவிடுகிற உயிர், காய்ந்தால் செத்துப்போகும்.

மழையில் மரவட்டை நிறைய வரும். கண்டத்துக்கு, அதாவது உடம்பின் ஒவ்வொரு வளையத்துக்கும், எத்தனை கால் என்று எண்ணச் சொல்லுங்கள். தலையை ஒட்டிய சில கண்டங்களை விட்டுவிட்டால் மற்றவற்றில் இரண்டிரண்டு ஜோடி இருக்கும். பூரானுக்கு ஒரு ஜோடிதான். பூரானைத் தொடவே விடாதீர்கள், கடிக்கும். மரவட்டையைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கக் கூடாது. இப்படி எண்ணி முடித்த பிள்ளையிடம் 'கணுக்காலி' என்று சொல்லிப் பாருங்கள், அந்தப் பெயர் மனசில் நிற்கும்.

கடலோரத்துக்காரன்:
ராமநாதபுரத்திலிருந்து எழுதுகிறேன். நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை கேட்டு வாங்குங்கள் டீச்சர். ஓட்டுக்கணவாயின் உடம்புக்குள் இருக்கிற வெள்ளைத் தகடு அது. 'உள்ளேதானே இருக்கிறது, அப்போ எலும்புதானே?' என்று எவனாவது கேட்பான். கேட்கட்டும், நல்ல கேள்வி. கணவாய் நத்தைக்கும் சிப்பிக்கும் சொந்தம். அதன் ஓடுதான் உள்ளே போய்விட்டது. உடைத்துப் பார்த்தால் அடுக்கடுக்காகச் சின்ன அறைகள் தெரியும். அவற்றில் இருக்கிற வாயுதான் கணவாயை மிதக்க வைக்கிறது.

கடற்கரைக்குக் கூட்டிப்போனால் பவளத்தையும் கடல் அட்டையையும் எடுக்க விடாதீர்கள். 2001 முதல் இரண்டுமே வனஉயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன.

வயலோரம்:
இருவருக்கும் மிக்க நன்றி. இறாலும் மத்தியும் சந்தை நாளில் வாங்கிவிடுகிறேன். எங்கள் பள்ளிச் சுவரில் நத்தைகள் ஏறுகின்றன, வகுப்புக்குக் கொண்டுவரலாமா?

முன்னாள் விலங்கியல் வாத்தியார்:
சின்ன நத்தை என்றால் கண்ணாடித் துண்டில் விட்டு அடியிலிருந்து பார்க்கட்டும். பாதத்தில் அலை அலையாகத் தசை நகர்வது தெரியும். பெரிய ஆப்பிரிக்க நத்தையாக இருந்தால் தொட வேண்டாம், மூளையைத் தாக்குகிற ஒட்டுண்ணிப் புழு அதில் இருக்கலாம். எதுவானாலும் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.