ஸ்டாக்ஃபிஷ் +5 காட்டுகிறது, ஜெயிக்க வழி தெரியவில்லை

உட்லண்ட்ஸ்வாசி:
சமூக மன்றத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மாணவி கொண்டுவந்த நிலையில் வெள்ளைக்கு ஒரு யானை கூடுதல். ஆனால் சிப்பாய்கள் ஒன்றோடொன்று முட்டி பலகையையே அடைத்து நிற்கின்றன, ராஜா நுழைய இடமில்லை. செஸ் ஆடும் இன்ஜினான ஸ்டாக்ஃபிஷ் +5 என்கிறது, அதாவது வெள்ளை தெளிவாக முன்னிலை. ஆடவிட்டால் யானையை அங்குமிங்கும் நகர்த்துகிறது, அவ்வளவுதான். "சார், கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

குதிரைப்பிரியன்:
ராஜாக்களையும் சேர்த்து மொத்தம் 7 காய்க்குள் இருந்தால் லிச்செஸ் என்ற செஸ் தளத்தில் போட்டுப் பாருங்கள். அங்குள்ள டேபிள்பேஸ் என்ற விடைத்தொகுப்பு முடிவைச் சொல்லிவிடும்.

உட்லண்ட்ஸ்வாசி:
சிப்பாய்கள் மட்டுமே 12 இருக்கின்றன.

தெம்பனிஸ் அண்ணன்:
அப்படியென்றால் டேபிள்பேஸ் உதவாது தம்பி. அது மேட் ஆன நிலைகளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எல்லா நிலைகளுக்கும் விடை எழுதிவைத்திருக்கிறது. 7 காய்க்கான சிஸிஜி என்ற டேபிள்பேஸ் 2018இல் முடிந்தது. 50 நகர்வு வரை சிப்பாய் நகராமல், காய் எதுவும் வெட்டுப்படாமல் போனால் டிரா கேட்கலாம் என்ற விதியும் அதில் சேர்த்தி. அது தீர்ப்பு. நீங்கள் பார்க்கும் +5 மதிப்பீடு. ஸ்டாக்ஃபிஷ் ரொம்ப ஆழமாகப் பார்க்கும்தான், ஆனால் நூறு நகர்வு போனாலும் சுவர் உடையாது என்று நமக்குப் பார்த்ததும் புரிவது அதற்குச் சில சமயம் புரிவதில்லை. எதிராளி உடைக்க முடியாத இப்படிப்பட்ட அடைப்பைத்தான் கோட்டை (fortress) என்கிறோம், யானைக் காயை அல்ல. சோதிக்க ஒரு வழி: இரு பக்கமும் இன்ஜினையே 30 நகர்வு ஆடவிடுங்கள். எண் ஏறாமல் அப்படியே நின்றால் அநேகமாகக் கோட்டை. அதற்கு முன் யானையைப் பலிகொடுத்துச் சுவரை உடைக்க முடியுமா என்று பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள்.

டிரா என்று இன்ஜின் காட்டினாலும் அதைக் காப்பாற்றுவது மனிதர்தான். 2024 டிசம்பர் 12, நம் சிங்கப்பூர் செந்தோசாவில் உலகச் செஸ் சாம்பியன் போட்டியின் 14ஆம் ஆட்டம். குகேஷுக்கு எதிராக ஆடிய டிங் லிரென் டிரா நிலையில்தான் இருந்தார். 55ஆவது நகர்வில் யானையை எஃப்2க்குக் கொண்டுபோனார். குகேஷ் யானையை வெட்டினார், அடுத்து பிஷப்பையும் மாற்றிக்கொண்டார். மிஞ்சிய சிப்பாய் ஆட்டத்தில் தோல்வி உறுதி. மூன்று நகர்வில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்துவிட்டார்.

உட்லண்ட்ஸ்வாசி:
நன்றி அண்ணே. 30 நகர்வு ஆடவிட்டேன், எண் அசையவே இல்லை. யானையை எங்கே பலிகொடுக்கலாம் என்று இந்தச் சனிக்கிழமை அவளையே முதலில் தேடச் சொல்கிறேன்.