புதுப்பிப்பு: போட்டோ எடிட்டிங் கம்ப்யூட்டருக்கு பிராசஸரும் ராமும் வாங்கியாயிற்று

கல்யாணப் படங்களை எடிட் செய்ய 16 கோரும் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) 32 ஜிபி ராமும் போதுமா, 8 கோரும் 64 ஜிபியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஏஎம்டி கம்பெனியின் 8 கோர் பிராசஸரான ரைசன் 7 7700, டிடிஆர்5 வகை ராம் 64 ஜிபி வாங்கினேன். "நான்கு 16 ஜிபி வேண்டாம், இரண்டு 32 ஜிபி போடுங்கள்" என்றவர் பேச்சைக் கேட்டது நல்லதாயிற்று. ராம் செருகும் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் ஏஎம்டி உறுதி தரும் ராம் வேகம் 5200 MT/s-இலிருந்து (நொடிக்கு எத்தனை மில்லியன் தரவுப் பரிமாற்றம் என்ற கணக்கு) 3600க்கு இறங்கிவிடும். லைட்ரூமும் போட்டோஷாப்பும் சேர்ந்து ஓடினாலும் இப்போது திணறல் இல்லை.

எதிர்பாராதது ஒன்று. முதல் தடவை ஆன் செய்ததும் திரை பல நிமிடம் கறுப்பாகவே இருந்தது, மதர்போர்டில் ஒரு சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. ராம் போய்விட்டதென்று பயந்து கழற்றப் போனேன். டிடிஆர்5 மெமரி டிரெயினிங்குக்கு, அதாவது புது ராமோடு ஒத்துப்போக கம்ப்யூட்டர் தன்னைச் சரிசெய்துகொள்ள, அவ்வளவு நேரம் ஆகும், ஆஃப் செய்யாமல் காத்திருங்கள். அப்புறம், படத்திலுள்ள புள்ளிப் புள்ளியான இரைச்சலை நீக்கும் லைட்ரூமின் ஏஐ டீநாய்ஸ் கிராபிக்ஸ் கார்டை நம்பித்தான் ஓடுகிறது. பிராசஸர் மாற்றி அது வேகமாகவில்லை.