வீவக வீட்டில் முழுத்தானிய பீர்: முதலில் எந்தச் சாதனங்களை வாங்குவது?

தெம்பனிஸ்வாசி:

அனைவருக்கும் வணக்கம். மால்ட் சாறு அடைத்த டின்களை வாங்கிச் சில முறை பீர் காய்ச்சிப் பார்த்த நான், இனி முழுத்தானிய முறைக்கு, அதாவது உடைத்த பார்லி மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாற்றை நானே எடுக்கும் முறைக்கு, மாறலாம் என்றிருக்கிறேன். நாங்கள் இருப்பது சிங்கப்பூரில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. சமையலறை ஞாயிறு மதியம் மட்டுமே என் வசம் வரும். மற்ற நேரமெல்லாம் அது மாமியாரின் ஆட்சி. கையில் 600 வெள்ளி வரை இருக்கிறது. மூன்று பாத்திரங்கள் கொண்ட பழைய அமைப்பா, மால்ட்டைத் துணிப்பையில் போட்டு ஒரே பாத்திரத்தில் ஊறவைக்கும் துணிப்பை முறையா, அல்லது ஊறவைத்தல், கொதிக்கவைத்தல் இரண்டையும் ஒன்றிலேயே செய்யும் மின்சாரக் கொப்பரையா என்று முடிவெடுக்க இயலவில்லை. கொப்பரை வாங்கினால் பணம் ஏறக்குறைய அதிலேயே தீர்ந்துவிடும். நொதிக்கும் வாளியை இப்போதுபோலவே பாம் ஷெல்டரில், அதாவது வீட்டுக்குள் உள்ள பாதுகாப்பு அறையில், வைத்துக்கொள்வேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கிழக்குக்கரை:

வணக்கம். நீங்கள் குறிப்பிட்ட மூன்றில் எதை எடுத்தாலும் நல்ல வோர்ட், அதாவது நொதிக்கவைக்கும் முன் உள்ள இனிப்புச் சாறு, கிடைக்கும். நம் ஊரில் பீர் கெடுவது பெரும்பாலும் அதற்குப் பிறகு, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அந்தப் பாம் ஷெல்டரில்தான். அங்கே வெப்பநிலை 29, 30 டிகிரி இருக்கும். ஈஸ்ட் வேலை செய்யும்போது தானும் வெப்பத்தை வெளியிடுவதால் வாளிக்குள் இன்னும் சில டிகிரி ஏறும். 18 முதல் 22 டிகிரிக்குள் நன்றாக வேலை செய்யும் ஏல் வகை பீருக்கான சாதாரண ஈஸ்டை அந்தச் சூட்டில் விட்டால், பெயின்ட் தின்னரை நினைவூட்டும் நெடியும் தொண்டையை எரிக்கும் காரமும் வந்து சேரும். எத்தனை விலையுயர்ந்த கொப்பரையில் காய்ச்சியிருந்தாலும் அதை மாற்ற முடியாது.

ஆகவே, பணத்தில் பெரும்பங்கைப் பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றுக்கும், அதைத் தேவைக்கேற்ப இயக்கி நிறுத்தும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் ஒதுக்குங்கள். பெட்டியை வாங்குமுன் அளவெடுத்துக்கொள்ளுங்கள். சிறிய பெட்டிகளில் பின்பக்கம் கம்ப்ரசர் மேடு துருத்திக்கொண்டிருப்பதால், வெளியிலிருந்து பார்த்தால் தாராளமாகத் தெரியும் இடத்தில் வாளி உட்காராது. கருவியின் உணரியைப் பெட்டிக்குள் தொங்கவிடாமல், வாளியின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே ஒரு துண்டு ஸ்பாஞ்சை வைத்துக் கட்டிவிடுங்கள். நமக்கு வேண்டியது பீரின் வெப்பநிலையே தவிர காற்றின் வெப்பநிலை அன்று.

காய்ச்சுவதற்குத் துணிப்பை முறையில் 10 லிட்டர் அளவே போதும் என்பேன். 2.3 கிலோ மால்ட்டுக்கு ஏறத்தாழ 15.5 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதில் ஒன்றரை லிட்டருக்கு மேல் தானியம் உறிஞ்சிக்கொள்ளும், ஒரு மணி நேரக் கொதியில் 3 லிட்டர் ஆவியாகும், மீதியில் சிறிது அடிவண்டலோடு போகும். தானியம் பிடிக்கும் இடத்தையும் சேர்த்தால் 17 லிட்டர் ஆகிறது. எனவே 20 லிட்டர் எவர்சில்வர் பாத்திரம் சரியாக இருக்கும். இதையே 20 லிட்டர் பீருக்குக் கணக்கிட்டால் தண்ணீரும் தானியமும் சேர்ந்து 31 லிட்டரைத் தொடும். 40 லிட்டர் பாத்திரம் இல்லாமல் முடியாது, வீட்டு அடுப்பும் அதைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் திணறும்.

பைக்கு நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் வாயில் துணி ஏற்றது. தண்ணீரை 68 டிகிரிக்குச் சற்று மேலே கொண்டுவந்து மால்ட்டைக் கொட்டிக் கிளறினால் கலவை 66-இல் நிற்கும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தைப் பழைய போர்வையால் சுற்றி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். இங்கே இரண்டு, மூன்று டிகிரி பிசகினாலும் பீரின் உடல்வாகு, அதாவது வாயில் உணரும் கனம், மாறும் என்பதால், தெர்மாமீட்டரில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பனிக்கட்டி உருகும் நீரில் பூச்சியம் காட்டுகிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். தானியம் அரைக்கும் ஆலை இப்போது தேவையில்லை, கடையிலேயே உடைத்து வாங்கிவிடலாம்.

உட்லண்ட்ஸ் கொப்பரை:

குளிர்சாதனப் பெட்டியைப் பற்றி மறுபேச்சில்லை. ஆனால், மின்சாரக் கொப்பரையை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. இவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு மதியம். 2.4 கிலோவாட் கொப்பரை நம் வீட்டின் 13 ஆம்பியர் செருகியிலேயே இயங்கி, 25 லிட்டர் தண்ணீரைக் குழாய் நீரின் சூட்டிலிருந்து 67 டிகிரிக்கு அரை மணி நேரத்தில் கொண்டுவந்துவிடும். பிறகு வெப்பநிலையைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். போர்வை சுற்றும் வேலையும் இல்லை, கொதிக்கும் பையைக் கையில் தூக்கும் ஆபத்தும் இல்லை. பம்பையும் குழாய்களையும் அன்றே கழுவியாக வேண்டும் என்பது ஒரு தொல்லைதான். இருந்தாலும், இந்தப் பொழுதுபோக்கில் நிலைத்திருப்போம் என்ற உறுதி உள்ளவர் இரண்டு முறை வாங்குவதைவிட, சில மாதம் சேமித்து ஒரே முறையில் வாங்குவது மேல்.

கிழக்குக்கரை:

சேமிக்க முடிந்தவர்களுக்கு அது நியாயமான வாதமே. ஆனால், சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் ஒரு குடும்பம் மாதத்துக்கு 30 லிட்டர் வரைதான் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம், விற்கக் கூடாது. அந்த வரம்புக்குள் மூன்று வெவ்வேறு பீர்களைப் பத்துப் பத்து லிட்டராகச் செய்து பழகலாம். பெரிய கொப்பரையின் முழு அளவில் காய்ச்சினால் மாதத்துக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். கற்றுக்கொள்ளும் பருவத்தில் எண்ணிக்கைக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஈசூன் ஈஸ்ட்:

குளிர்சாதனப் பெட்டிக்கு வீட்டில் அனுமதி கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். நார்வேயின் வோஸ் வட்டாரத்துப் பண்ணைகளில் வழிவழியாகப் பேணிவந்த குவைக் ஈஸ்ட் 30 டிகிரிக்கு மேலேயே சுறுசுறுப்பாக வேலை செய்யும்; மெல்லிய ஆரஞ்சு வாசம் வரும். கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ தூக்கலாக உள்ள பேல் ஏல் வகைக்கு அது பொருந்தும், குளிர்ந்த சூட்டில் நொதிக்கும் லாகர் வகையை விரும்புவோருக்கு ஒத்துவராது. இன்னொன்று: நம் குழாய் நீரில் கிருமி நீக்கச் சேர்க்கும் குளோரமின் இருக்கிறது. அது கொதிக்கவைத்தாலும் எளிதில் போகாது. மால்ட்டோடு சேர்ந்தால் மருந்து நெடி அடிக்கும். அதை நீக்க, 20 லிட்டருக்கு அரை கேம்டன் மாத்திரை வீதம், காய்ச்சும் தண்ணீரில் முதலிலேயே பொடித்துப் போட்டுவிடுங்கள். இந்தப் பட்டியலிலேயே மிக மலிவான சாதனம் அதுதான்.

தெம்பனிஸ்வாசி:

மூவருக்கும் நன்றி. துணிப்பையும் 20 லிட்டர் பாத்திரமும் என்று முடிவு செய்துவிட்டேன். பெட்டிக்கு மாமியாரிடம் பேச வேண்டும். கொதித்த வோர்ட்டை ஆறவைக்க, உள்ளே குழாய் நீர் ஓடும் செம்புச் சுருள் வாங்கியே ஆக வேண்டுமா?

கிழக்குக்கரை:

இப்போதைக்கு வேண்டாம். நம் குழாய் நீரே 28, 29 டிகிரி இருக்கும்போது, சுருள் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதற்குக் கீழே இறக்காது. மூடிய பாத்திரத்தைக் கழுவுதொட்டியில் இறக்கி, தண்ணீரை இரண்டு, மூன்று தடவை மாற்றி 35 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகு, மூன்று, நான்கு கிலோ பனிக்கட்டியைச் சுற்றிலும் கொட்டினால் 10 லிட்டர் 20 டிகிரிக்கு இறங்கிவிடும். பனிக்கட்டியைப் பாத்திரத்துக்கு உள்ளே ஒருபோதும் போட்டுவிடாதீர்கள். ஆறிய வோர்ட்டைத் தொடும் கரண்டி, வாளி, குழாய் எல்லாவற்றையும் ஸ்டார் சான் என்ற கிருமிநீக்கிக் கரைசலில் நனைத்து எடுங்கள். அதைக் கழுவ வேண்டியதில்லை, நுரை இருந்தாலும் பரவாயில்லை.