வர்த்தக ஒப்பந்தம் போட்டால் வெளியுறவில் நம் கை ஓங்குமா?

காட்பாடி ஜங்ஷன்:
2025 ஜூலை 24-ல் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. தோல் பொருளுக்கும் ஷூவுக்கும் அங்கே 16 சதவீதம் வரை இருந்த வரி ஒப்பந்தப்படி நீங்குகிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் இதனால் வெளியுறவிலும் நம் கை ஓங்கும் என்கிறார்களே, அதை ஏற்க முடியவில்லை. இலங்கையோடு 1998 டிசம்பரிலேயே ஒப்பந்தம் போட்டோம். 2017-ல் அம்பாந்தோட்டை துறைமுகம் 99 வருஷக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. நம் ஒப்பந்தம் எதைத் தடுத்தது?

ஆம்பூர் அப்பர்:
அண்ணே, துறைமுகத்துக்குக் காவல் இருக்க யாரும் வர்த்தக ஒப்பந்தம் போடுவதில்லை. அந்தக் காலத்தைப் பாருங்கள். 1998 மே மாதம் பொக்ரான் அணுகுண்டு சோதனை. அமெரிக்காவும் ஜப்பானும் பொருளாதாரத் தடை போட்டன. அந்த வருஷம் முடிவதற்குள் பக்கத்து நாடு நம்மோடு கையெழுத்துப் போட்டதே, அது சின்ன விஷயமா? 2022-ல் இலங்கையில் பெட்ரோலுக்கு வரிசை நின்றபோது சுமார் 400 கோடி டாலர் உதவியோடு போய் நின்றதும் நாம்தான்.

காட்பாடி ஜங்ஷன்:
பாய், அது கடன். ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் கொடுத்திருப்போம். சரி, ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவோடு அவர்களுக்கு 2015 டிசம்பரிலிருந்து ஒப்பந்தம் உண்டு. 2020-ல் கொரோனா எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். சீனா அவர்கள் பார்லிக்கு 80 சதவீத வரி போட்டது, அப்புறம் ஒயினுக்கு 200 சதவீதத்தைத் தாண்டும் அளவு வரை. கையெழுத்து இருந்தும் அடி விழுந்தது.

ஆம்பூர் அப்பர்:
அடி விழுந்தபின் அவர்கள் செய்ததையும் சொல்லுங்கள். 2022 ஏப்ரலில் நம்மோடு ஒப்பந்தம் போட்டார்கள், டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. நான் சொல்ல வருவது இதுதான்: ஒப்பந்தம் நண்பனைச் சம்பாதித்துத் தராது. ஒரே ஆளிடம் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வழி செய்யும். வெளியுறவுக்கு அதைவிடப் பெரிய பலம் எது?

2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா நம் சரக்குகள் பலவற்றுக்கு 50 சதவீத வரி போட்டது. அதில் பாதி ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை. நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் தைத்து முடித்த அப்பர்கள் (ஷூவின் மேல்பாகம்) பெட்டி பெட்டியாகத் தேங்கின. பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்களுக்கு முதலில் ஓவர்டைம் நின்றது, அப்புறம் வாரத்தில் சில நாள் வேலையே இல்லை. டெல்லி யாரிடம் எண்ணெய் வாங்க வேண்டும் என்பதற்கு அந்தப் பெண்களின் கூலி பணயமா? வரியில்லாத சந்தை நாலு இருந்தால் மிரட்டுகிறவனிடம் முடியாது என்று சொல்லலாம்.

பாலாற்றங்கரை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஏற்றுமதி கூடினால் தோல் பதனிடும் டேனரியும் கூடும். பாலாற்றுக்கு டேனரிக் கழிவு செய்த கொடுமைக்காக, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பே சொன்னது. இன்றும் எங்கள் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. டெல்லிக்குப் பலம் சேர எங்கள் நிலத்தடி நீரைக் கொடுக்க வேண்டுமா? இதை இருவருமே பேசவில்லை.

ஆம்பூர் அப்பர்:
நியாயமான கேள்வி சார். சுத்திகரிப்பு செய்யாதவனுக்கு ஏற்றுமதியே கிடையாது என்று நம் அரசே விதி போடட்டும், முதல் ஆளாக நான் வரவேற்பேன்.

காட்பாடி ஜங்ஷன்:
சந்தை நாலு இருந்தால் போதும் என்கிறீர்கள். கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் அமெரிக்காவோடு ஒப்பந்தமே இருந்தது பாய். 2025-ல் அவர்களுக்கும் வரி விழுந்ததே?

ஆம்பூர் அப்பர்:
விழுந்தது. ஆனால் மார்ச் மாதமே, அந்த ஒப்பந்த விதிக்கு உட்பட்ட சரக்கு அந்த வரியிலிருந்து விலக்கப்பட்டது. இரும்பு, கார் போன்றவற்றுக்குத் தனி வரி வந்தது வேறு கதை. அப்போது நமக்கு அமெரிக்காவோடு ஒப்பந்தமும் இருக்கவில்லை, விலக்குக் கேட்க ஒரு விதியும் இருக்கவில்லை.

காட்பாடி ஜங்ஷன்:
அந்த விலக்கு அமெரிக்க கார் கம்பெனிகள் கத்தியதால் வந்தது என்பேன், மெக்சிகோ கையெழுத்தால் அல்ல. நமக்காக அங்கே யார் கத்துவார்கள்?

ஆம்பூர் அப்பர்:
நம் ஷூவை வாங்கி விற்கிற கடைக்காரன். அவனுக்கும் நஷ்டம்தானே அண்ணே.